மருந்துத் தோணி

ஞாயிற்றுக்கிழமை. வேன் காசு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு.
உகனை தாண்டி, யானை வேலி தாண்டி,
காட்டு விளிம்பில் எங்களை இறக்கிவிட்டு
சீற்றைச் சரித்துப் படுத்துக்கொண்டான் சாரதி.

ஆஸ்பத்திரி மருந்தறையிலிருந்து ஆறு பேர்.
லீவு நாளிலும் மருந்தறை பார்க்கவா போறீங்க என்று
சிரித்தவர்களுக்குப்
பஸீறா சொன்ன பதில்:
"அங்க கியூ இருக்காது கா."

இருக்கவில்லை.
பிக்குகள் இருந்த மலையில் இப்போது வெயில் இருந்தது.
செங்கல் அத்திவாரம், அதைப் பிளந்த பாலைமரத்து வேர்,
நடுவில் குழிந்துபோன அரைகல் ஒன்று.
எவருடைய தோள்வலியோ அந்தக் குழி.
கண்டதும்
என் வலது மணிக்கட்டு தானாக ஒருமுறை சுழன்றது.

பிறகு அது.
ஒரே கல். உள்ளே ஆள் வடிவில் குடைந்த பள்ளம்:
தலைக்கு வட்டம், தோளுக்கு அகலம்,
கால்களுக்கு ஒடுங்கிப் போகும் இடம்.
நோயாளியைக் கிடத்திக்
கழுத்துவரை எண்ணெயும் கஷாயமும் ஊற்றுவார்களாம்.
"பெஹெத் ஒருவ" என்றார் காவலாளி சேனாதீர.
பெஹெத் தெரியும், மருந்து. ஒருவ?
வெறுங்கையால் துடுப்பு வலித்துக் காட்டினார்.
தோணி!
வாவியில் இறால் வலையோடு போகிற ஒன்று
இங்கே கல்லாகி
இன்னும் யாரையும் கரைசேர்க்காத மாதிரிக் கிடந்தது.

அதில் பாதிக்கு நேற்றைய மழை.
வயிறு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தலைப்பிரட்டை.

படுத்துப் பாரு என்றாள் பஸீறா. மாட்டேன் என்றேன்.
மனசுக்குள் மட்டும் ஒருவரைக் கிடத்திப் பார்த்தேன்.
இன்சுலின் இல்லாத மாதங்களில் வந்து
கிளினிக் கொப்பியை நாலாக மடித்து
"பரவாயில்ல புள்ள, நீங்க என்ன செய்வீங்க" என்று
எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாரே, ஆதம்பாவா.
நெடுத்த ஆள். கால் இடிக்குமே என்று யோசித்தேன்.
இடிக்காது.
வலது காலை மாசியில் எடுத்துவிட்டார்கள்.

என்ன வேலை என்று சைகையில் கேட்டார் சேனாதீர.
இரண்டு விரலால் காற்றில் குளிசை எண்ணிக் காட்டினேன்.
முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து
பொலித்தீன் சுற்றிய துண்டொன்றை எடுத்தார்.
அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது.
டொக்டரின் கிறுக்கலுக்கு இந்தத் தொல்லை கிடையாது:
லொசாட்டான் ஐம்பது. காலை ஒன்று, இரவு ஒன்று.
ஓரத்தில் சிவப்பு வட்டம். கையிருப்பில் இல்லை.
எனக்குத் தெரியும் அந்த வட்டம்.
ஒரு நாளைக்கு நாற்பது போடுகிறேன் நான்.
யன்னலுக்கு அந்தப் பக்கம்
அது எப்படிச் சட்டைப் பையில் வைத்துக் காக்கப்படுகிறது என்று
இதுவரை பார்த்ததில்லை.

என் கைப்பைக்குள் என் சொந்தப் பிரஷர் இருந்தது.
அதே பெயர், அதே ஐம்பது. ஒரு மட்டை, இருபது.
பஸீறாவின் நகவெட்டியால் பத்தை வெட்டினேன்.
நுழைவுச் சீட்டை உறையாக மடித்தேன்.
எழுத வராத மொழிக்காரர்களுக்கு வழக்கமாகச் செய்வதுபோல
ஒரு சூரியன் வரைந்து பக்கத்தில் ஒன்று என்று போட்டேன்.
ஒரு பிறை வரைந்து பக்கத்தில் ஒன்று.

பார்த்தார். சிரித்தார். "என்ன, என்ன" என்று
புதருக்குள் கூட்டிப் போனார்
(சிங்களத்தில் அதற்கு வா என்று அர்த்தம்).
சரிந்து நின்றது ஒரு கல்வெட்டு. பாசி.
கீழே இருவருக்கும் வாசிக்க வராத எழுத்து.
மேலே, சின்னப் பிள்ளை கீறியது போல,
ஒரு சூரியன். ஒரு பிறை.

தூரத்தில் சாரதி ஹோர்ன் அடிக்கத் தொடங்கியிருந்தான்.

யார் எதைக் கொடுத்தார்களோ,
நெல்லோ நெய்யோ வயலோ,
சந்திராதித்தர் உள்ளவரை என்று கொடுத்திருக்கிறார்கள்.

என்னுடையது
வெள்ளிக்கிழமை காலை வரை.